கொய்யா மரமும் காப்புறுதிப் பத்திரமும்

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய முறைப்பாடுகளை எழுதி வந்தவன் நான். லயத்துக்குக் கூரை இல்லை, பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை, பாலம் உடைந்து மூன்று மாதமாகிறது என்று மற்றவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு வந்து, பத்திரிகையில் கிடைக்கும் இடத்துக்கேற்ப வெட்டிச் சுருக்கிக் கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. என் சொந்த முறைப்பாட்டை எழுதுவது இதுவே முதல் தடவை. கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஓராண்டுக்கு மேலாகப் பொறுத்துப் பார்த்தாயிற்று. இனியும் எழுதாவிட்டால், என்னிடம் வந்தவர்களிடமெல்லாம் "எழுத்தில் கொடுங்கள்" என்று நான் கேட்டு வந்ததற்கு அர்த்தமில்லாமற் போய்விடும்.

விடயம் இதுதான். 2024ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நாங்கள் ஐவர் தமிழ்நாட்டுக்குப் போனோம். நான், மனைவி, மகள், மருமகன், எட்டு வயதுப் பேரன். கினிகத்தேனையிலிருந்து வேனில் கட்டுநாயக்கா. அங்கிருந்து விமானத்தில் திருச்சி. சுற்றுலா என்றுதான் விசாவிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது சித்தப்பாவைப் பார்க்கப் போன பயணம்.

என் தகப்பனாரின் தம்பி அவர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தபோது, ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணனும் தம்பியும் இரண்டு கணக்கில் விழுந்தார்கள். சித்தப்பா 1973இல் ஹட்டனில் கோச்சி ஏறினார். மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டழைத்த அந்தப் புகையிரதத்தில் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போய், கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் டான்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையோடு நின்றார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள் அவை. இடையிலே கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று. அண்ணன் செத்ததற்குத் தம்பி வரவில்லை. அண்ணன் மகனாகிய நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது.

காப்புறுதி எடுக்கவேண்டும் என்று வற்புறுத்தியவள் மகள். ஹட்டனில் ஒரு முகவர், இளைஞர், எங்கள் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து படித்து மேலே வந்தவர், வீட்டுக்கே வந்து விளக்கினார். "ஐயா, பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டாலும் கம்பனி பார்த்துக்கொள்ளும். பயணம் குழம்பினால் டிக்கட் காசு, ஹோட்டல் காசு எல்லாம் திரும்பி வரும்." அழகான தமிழிற் சொன்னார். ஐவருக்கும் சேர்த்துப் பதினேழாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டினோம். மறுநாள் மின்னஞ்சலில் பத்திரம் வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். முழுவதும் ஆங்கிலம்.

அந்த இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் அவரும் வாசித்திருக்கவில்லை என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். வாசித்திருந்தால் விற்றிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

புத்தாண்டன்று, 14ஆம் திகதி பிற்பகல், சித்தப்பா வீட்டுக் கொல்லையிலிருந்த கொய்யா மரத்தில் ஏறிய பேரன் கிளை முறிந்து விழுந்தான். இடது கையை ஊன்றியபடி விழுந்ததால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நேரும் முறிவுதான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அடிக்கடி நேர்வதென்றாலும் அற்பமானதல்ல. முறிந்த முனை இரத்தக் குழாயையோ நரம்பையோ அழுத்திவிட்டால் கை கெட்டுப்போகும். பேரனின் விரல்கள் வெளிறத் தொடங்கியிருந்தன. உள்ளூரில் கட்டுப்போட்டு, உடனே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

வைத்தியசாலை முற்பணத்துக்காக உறவினர் வீடுகளில் திரட்டிய காசை மருமகன் பையிற் போட்டுக்கொண்டான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர், அத்தனையும் வளைவு. அந்த வாரம் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தற் சூடு. 19ஆம் திகதி வாக்களிப்பு. மலை இறங்கியதும் பறக்கும் படை வாகனத்தை மறித்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு ஆவணம் காட்டவேண்டும் என்பது தேர்தற்கால விதி. எங்களிடம் ஆவணம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டும் எழுபதாயிரம் இந்திய ரூபாயும் இருந்தன. இனி விடியும்வரை இங்கேதான் என்று நான் நினைத்தேன். அந்த அதிகாரி டோர்ச்சைப் பிள்ளையின் கைமீது ஒருகணம் பிடித்துப் பார்த்தார். "போங்க, போங்க" என்றார். அவ்வளவுதான். விதியை வைத்துக்கொண்டு கண்ணையும் பயன்படுத்திய ஒரு மனிதரைப் பார்த்ததால் இதை இங்கே எழுதுகிறேன். பின்னால் வரும் கடிதங்களை வாசிக்கும்போது அவர் நினைவுக்கு வரட்டும்.

அன்றிரவே மயக்கமருந்து கொடுத்து இரண்டு கம்பிகள் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். கை தப்பியது. மூன்று நாள் வைத்தியசாலை, பிறகு படம் எடுத்துப் பார்க்கும்வரை அருகிலேயே ஒரு விடுதி. பழனி, மதுரை, வேளாங்கண்ணி எல்லாம் போயின. முன்பதிவுக் காசு போயிற்று. ஐந்து பேருடைய விமானச் சீட்டையும் மாற்றியதற்குத் தண்டம் கட்டினோம். வைத்தியச் செலவு 88,400, ஏனையவை 74,000, ஆகமொத்தம் இந்திய ரூபாயில் 162,400. அன்றைய மதிப்பில் நம்முடைய காசு ஏறக்குறைய ஐந்தே முக்கால் இலட்சம். சித்தப்பாவோடு இருக்கக் கிடைத்தது இரண்டு நாள். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் போய்விட்டார். அதற்குப் பத்திரத்தில் ஏதும் பிரிவு இல்லை, நானும் கேட்கவில்லை.

நிற்க. கம்பனியின் கடிதங்களுக்கு வருவோம்.

உரிமைகோரற் படிவத்தில் ஒரு கேள்வி: விபத்து நேர்ந்தபோது காப்புறுதி பெற்றவர் எச்செயலில் ஈடுபட்டிருந்தார்? ஒரே ஒரு வரி இடம். படிவம் ஆங்கிலத்தில், பதிலும் ஆங்கிலத்தில். மருமகன் கணக்கு எழுதுபவன், ஆங்கிலத்தில் இலக்கம் நன்றாக வரும். பையன் ஏறினான், விழுந்தான். ஆகவே 'கிளைம்பிங்' என்று எழுதினான். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: மலையேற்றமும் பாறையேற்றமும் அவைபோன்ற ஏற்றங்களும் விலக்களிக்கப்பட்ட ஆபத்தான விளையாட்டுக்கள் ஆதலால் உரிமைகோரல் ஏற்கப்படவில்லை.

முதலில் நாங்கள் சிரித்தோம். மனைவிதான் முதலில் நிறுத்தினாள்.

தமிழில் மரமேறுவது வேறு, மலையேறுவது வேறு, மாடிப்படி ஏறுவது வேறு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும். அந்தச் சொல்லைத் தூண்டிலாகப் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மருத்துவ அறிக்கையில் 'மரத்திலிருந்து வீழ்ந்தமை' என்று தெளிவாக இருக்கிறது. அது படிவத்தோடு இணைக்கப்பட்டே போனது. நான் அன்றுதான் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து வாசித்தேன். விலக்குப் பிரிவில் எழுதியிருப்பது கயிறோ வழிகாட்டியோ வழமையாகத் தேவைப்படும் ஏற்றங்கள் என்பது. கம்பனியின் கடிதம் அந்தப் பாதியை விட்டுவிட்டு மறுபாதியை மட்டும் எடுத்துக் காட்டியது. கொய்யா மரத்துக்குக் கயிறு எதற்கு, ஊஞ்சல் கட்டவா?

கினிகத்தேனையைப் பார்த்திராத ஒருவர்தான் இத்தகைய கடிதத்தை எழுத முடியும். இங்கே கடைக்குப் போவது ஏற்றம், கோயிலுக்குப் போவது ஏற்றம். தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்குப் போய்வருவதே மலையேற்றந்தான், மழைக்காலத்தில் பாறையேற்றமும்கூட. கித்துல்கலையிலிருந்து களனி ஆற்றை விட்டுப் பிரிந்து மேலேறும் பாதையில் வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்தக் கம்பனியின் அகராதிப்படி பார்த்தால் எங்கள் ஊரில் எவருக்குமே காப்புறுதி கிடையாது.

நான் பதில் எழுதினேன். ஏறிய மரத்தின் பெயரையும் உயரத்தையும் தாவரவியற் பெயரையும்கூட எழுதினேன். கொஞ்சம் கிண்டல் கலந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கடிதத்தில் 'ஏற்றம்' காணாமற் போயிருந்தது. மன்னிப்புமில்லை, விளக்கமுமில்லை. அதன் இடத்தில் வேறொன்று: வைத்தியசாலையில் அனுமதிப்பதற்கு முன்பு உதவி நிலையத்துக்கு அறிவிக்கவில்லை. மறுநாள் காலை அறிவித்தோம். விரல் வெளிறிய பிள்ளையை வாசலில் வைத்துக்கொண்டு முதலில் தொலைபேசியில் இசை கேட்டிருக்க வேண்டுமாம். அவசர வேளைகளில் இயன்றவளவு விரைவாக அறிவித்தாற் போதும் என்று பத்திரத்தின் இன்னொரு பக்கமே சொல்கிறது. அதையும் எழுதினேன். அதுவும் காணாமற் போயிற்று.

மூன்றாவது கடிதந்தான் என்னை இதை எழுத வைத்தது.

பிள்ளையின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது என்றது அக்கடிதம். உண்மைதான். மருமகனின் பெயரில் 'முத்து' என்று ஒரு பகுதி வருகிறது. அவனுடைய பிறப்பைப் பதிந்தவர் அதைச் சிங்களத்தில் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார். அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர் ஓர் 'எச்' போட்டார். அடையாள அட்டையில் அந்த 'எச்' இல்லை. கடவுச்சீட்டில் மறுபடியும் வந்துவிட்டது. பேரனுடைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுமையாக முன்னே நிற்கிறது; கோயம்புத்தூர் வைத்தியசாலையோ தமிழ்நாட்டு வழக்கப்படி தகப்பனுக்கு ஓர் எழுத்தும் பிள்ளைக்கு முழுப்பெயருமாக எழுதிவிட்டது. ஆகவே விழுந்த பிள்ளையும் காப்புறுதி பெற்ற பிள்ளையும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அப்பிள்ளைக்கும் என் மருமகனுக்கும் உள்ள உறவுக்கும் அத்தாட்சி வேண்டும்.

சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி கொடுத்தோம். அது போதாது, கிராம உத்தியோகத்தர் கடிதம் வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். அதைப் பிரதேச செயலகம் உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்திக் கொடுத்தோம். இப்போது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு. நான்கு தடவை, நான்கு கடிதம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஐந்தாறு வாரம். ஒரே தடவையில் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார்கள். தவணை முறையிற் கேட்டால்தான் பாதிவழியில் களைத்துப் போவோம்.

வாசகர்களில் மலையகத்தாராக இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் மூத்தோரிடம் கேட்டதும் இதே அத்தாட்சிதான். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குக் காட்டு என்றார்கள். கோப்பிக் காலத்தில் கால்நடையாக வந்த கூட்டத்தில் எவரிடம் சான்றிதழ் இருந்தது? காகிதம் இல்லாத குற்றத்துக்காக நாடில்லாதவர்களானோம். கடைசிப் பிரிவினருக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம். ஒரு காப்புறுதிக் கம்பனியின் கடிதத்தை அந்தக் கொடுமையோடு சமன்செய்ய நான் முற்படவில்லை, அது பெரும்பிழை. ஆனால், உன் தகப்பன் உன் தகப்பன்தான் என்பதற்கு இன்னொரு காகிதம் கொண்டுவா என்ற வாசகத்தை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கேட்டுவிட்டது. நான்காவது தலைமுறை எட்டு வயதில், கையில் கம்பியோடு கேட்கிறது. எனக்குக் கோபம் வந்ததில் வியப்புண்டோ?

இவ்விடத்தில் மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

கையெழுத்திட்டது நீர்தானே, வாசிக்காதது உமது குற்றமல்லவா என்பது முதலாவது. அரைவாசி ஒப்புக்கொள்கிறேன். பேராதனையில் கலைமாணிப் பட்டம் வாங்கியவன், வாழ்நாள் முழுவதும் எழுத்தோடு புழங்கியவன், வாசித்திருக்க வேண்டும். ஆனால் காப்புறுதிச் சட்டத்தின் அத்திவாரமே வேறு. 1766இல் இலண்டனில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கைச் சட்ட மாணவர்கள் அறிவார்கள். சுமாத்திராவில் ஆங்கிலேயரிடமிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், கோட்டை எதிரிகளிடம் வீழ்ந்தால் நட்டஈடு என்று காப்புறுதி செய்தார். பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். உண்மைகளை மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்புறுதி கொடுத்தவர் கைவிரித்தார். காப்புறுதி உடன்படிக்கை முழுமையான நல்லெண்ணத்தின்மேல் நிற்பது என்று நிலைநாட்டிய வழக்கு அது. அந்த நல்லெண்ணம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது; வென்றதும் கார்ட்டர்தான். கம்பனிகள் இருநூற்றைம்பது வருடமாக முதற் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. எங்கள் நாட்டிலும் தீக் காப்புறுதி, ஆயுட் காப்புறுதி விடயங்களுக்கு ஆங்கிலச் சட்டமே ஏற்புடையது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டளைச் சட்டமொன்று சொல்லிவைத்திருக்கிறது. ஆகவே இது வேற்றூர்ப் பழங்கதையன்று.

அயலில் இந்திய உயர்நீதிமன்றம், அதாவது அவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு தீர்ப்புகளில் தெளிவாகப் பேசியிருக்கிறது. பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில், 2019இல், விலக்கு நிபந்தனைகளைக் காப்புறுதி பெறுபவரிடம் கொடுக்காத கம்பனி பிற்பாடு அந்த நிபந்தனைகளைக் காட்டித் தப்ப முடியாது என்றது. மன்மோகன் நந்தா வழக்கு பயணக் காப்புறுதி பற்றியதே. 2009 மே மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அமெரிக்கா போன மனிதருக்கு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு. நீரிழிவை அவர் சொல்லியே பத்திரம் வாங்கியிருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. ஆனாலும் கொழுப்புக்கு உட்கொண்ட மாத்திரையைச் சொல்லவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவருக்குச் சார்பாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 டிசம்பரில். நியாயம் கிடைத்தது என்று மகிழலாம். நான் ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கிறேன்: பன்னிரண்டரை வருடம். உச்ச நீதிமன்றம் வரை போக நந்தாவால் முடிந்தது. கொழுந்து பறிப்பவளால் நுவரெலியா நீதிமன்றத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏற முடியும்?

இரண்டாவது மறுப்பு, மோசடிக்காரர் மலிந்துவிட்டனர், கம்பனி கவனமாக இருக்கத்தானே வேண்டும் என்பது. இருக்கட்டும். பொய்க் கட்டணச் சீட்டுகளோடு வருபவர்கள் உண்டு என்பதைப் பத்திரிகைக்காரன் அறியாமலில்லை. ஆனால் எங்களிடம் எக்ஸ்ரே படம் இருக்கிறது. எலும்புக்குள் இரண்டு கம்பி வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. ஓர் 'எச்' இல்லாததால் எலும்பு முறியவில்லை என்றாகிவிடுமா?

மூன்றாவது மறுப்பு எனக்கு உண்மையாகவே உறைக்கிறது. தோட்டத்தில் அன்றாடச் சம்பளத்துக்கே போராட்டம் நடக்கும்போது விமானத்தில் உல்லாசம் போனவனுடைய காப்புறுதிக் கதையா எழுதுவது? இதே கேள்வியை நான் மற்றவர்களிடம் கேட்டிருப்பேன். எனவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விமானம் ஏறுபவர்கள் என்னைப் போன்ற சிலர் மட்டுமல்லர். எங்கள் தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பணியகத்தில் பதிந்து போகிறவர்களுக்குக் காப்புறுதி உண்டு. கை முறிந்தோ முதுகொடிந்தோ திரும்பி வருபவள் நிரப்ப வேண்டியதும் ஒரு படிவந்தான். அவளுடைய பெயரும் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாகத்தான் இருக்கும். என்னால் முப்பத்தெட்டுப் பக்கத்தை வாசித்துச் சண்டைபிடிக்க முடிந்தது. அவள் முதற் கடிதத்திலேயே மடித்து வைத்துவிடுவாள்.

உள்ளூர்ப் பயணத்தையும் பாருங்கள். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவில் கொழும்புப் பாடசாலை மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒரு வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியது. ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். பஸ்ஸில் வந்த மாணவர்கள் பலர் காயமுற்றனர். அந்தப் பாதையின் சரிவைப் பற்றி ஒரு வாரம் எல்லோரும் எழுதினோம், நானும் எழுதினேன். காயமுற்ற பிள்ளையின் தகப்பன் அதன் பின்னர் எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்தக் காகிதத்தோடு நின்றான் என்று நாங்கள் ஒருவரும் எழுதவில்லை. வாகனக் காப்புறுதி 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கட்டாயமானது. ஆனால் கட்டாயம் என்பது வாங்குவதற்கு; பெறுவதற்கல்ல. விபத்து முதற்பக்கச் செய்தி. நட்டஈடு கிடைக்காதது எந்தப் பக்கத்திலும் செய்தியல்ல. இது எங்கள் தொழிலின் குற்றம், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு பழங்கதை. புகையிரத விபத்துக்களுக்கென்று இங்கிலாந்தில் 1849 வாக்கில் ஒரு கம்பனி பயணக் காப்புறுதி விற்றது. மூன்றாம் வகுப்புப் பயணி ஒரு பென்னி கொடுத்தால் உயிர்போனால் 200 பவுண், முதலாம் வகுப்புப் பயணி மூன்று பென்னி கொடுத்தால் 1,000 பவுண். புகையிரத நிலையத்திலேயே பயணச்சீட்டோடு சீட்டாக வாங்கலாம். உயிருக்கு வகுப்புக்கொரு விலை வைத்தது கொடுமைதான். ஆனால் என்ன வாங்கினோம் என்பது மூன்றாம் வகுப்புப் பயணிக்கும் விளங்கியிருக்கும். இன்று நான் வாங்கியது என்ன என்பதை எனக்கு விற்றவருக்கே விளங்கவில்லை.

என் வாதம் நீளமானதன்று. தமிழிற் பேசித் தமிழனிடம் காசு வாங்கினால், மறுப்பதையும் தமிழிற் சொல். கட்டணம் வாங்குவதற்கு முன்பு, எவையெவற்றுக்குப் பணம் கிடையாது என்பதை ஒரே பக்கத்தில் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி, முகவரும் கையெழுத்திட்டுக் கொடு. ஆவணம் வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்திற் கேள். அதிற் கேளாததைப் பிறகு கேளாதே. பெயரில் எழுத்து வேறுபட்டால் பிறந்த திகதியையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் பார்த்துத் தீர்மானி. எலும்பு அந்த எழுத்தில் இல்லை. இவற்றில் எதற்கும் புதிய பாராளுமன்றச் சட்டம் தேவை என்று நான் நினைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு மனம் வைத்தாற் போதும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழுக்கு அரச கருமமொழி என்ற இடத்தைக் கொடுத்திருப்பது அரசின் அலுவலகங்களுக்குத்தானே, தனியார் கம்பனிக்கு என்ன என்று கேட்பார்கள். காசு வசூலிக்கும்போது அந்தக் கம்பனிக்குத் தமிழ் நன்றாக வந்ததே! சுவரொட்டியும் வானொலி விளம்பரமும் தமிழில் இருக்கின்றனவே. விலக்குப் பிரிவுக்கு வந்ததும் நாக்கு எப்படி ஆங்கிலமாகப் புரள்கிறது?

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பதினோராவது மாதத்தில் நான்காவது கடிதம் வந்தது. பெயர்ச் சிக்கல் தீர்ந்துவிட்டதாம். 'நல்லெண்ண அடிப்படையில்' வைத்தியச் செலவில் அறுபது வீதம் தருவார்களாம். பயணம் குழம்பியதற்கு ஒன்றுமில்லை. வைத்தியசாலையில் குறைந்தது ஐந்து நாள் இருந்திருந்தால் தந்திருப்பார்களாம். பேரன் மூன்று நாளில் தேறிவிட்டான். இதை முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தாள், மருமகன் கையெழுத்துக்காக. மான்ஸ்பீல்ட் பிரபுவின் நல்லெண்ணம் இப்படி அறுபது வீதமாகச் சுருங்கிப் போயிற்று.

வீட்டில் இதுபற்றி இருவேறு கருத்து. "வருவதை வாங்கிக்கொள்வோம் மாமா, கடன் இருக்கிறது" என்கிறான் மருமகன். அவன் பக்கம் நியாயம் உண்டு; கோத்தகிரி உறவினர்களுக்கு இன்னும் முழுவதும் திருப்பிக் கொடுக்கவில்லை. மகள் பேசுவதில்லை. மருமகனிடம் கெஞ்சி ஒரு தடவை மட்டும் அவகாசம் கேட்டுக்கொண்டு, அந்தத் தாளைக் கையெழுத்திடாமலே திருப்பி அனுப்பினேன். கூடவே ஏழு பக்கத்தில் ஒரு கடிதம், தமிழில். அதன் பிரதியொன்று 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியின் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலிற் போயிருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை கம்பனியிலிருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். மிகவும் பணிவான குரல், அருமையான தமிழ். கடிதம் கிடைத்துவிட்டது என்றார். பேரனின் கை எப்படி என்றும் விசாரித்தார். இதுவரை கம்பனியில் எவரும் அதைக் கேட்டதில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஐயா, மேலிடத்துக்குப் போட வேண்டும், அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி அனுப்ப ஏலுமா?" என்றார்.

"இல்லை மகள்," என்றேன். "நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்."